முதுமை, மயக்க மருந்து, ரண சிகிச்சை: தன்னியக்க நரம்புகளின் நிலை குறித்து ஓர் ஆய்வு

1. வினா

சிதம்பரத்திலும் அதனைச் சூழ்ந்த புவனகிரி, பரங்கிப்பேட்டை, காட்டுமன்னார்கோவில் ஊர்ப்புறங்களிலும், வயது முதிர்ந்த ஒருவர் ரண சிகிச்சை முடிந்து கட்டிலை விட்டு எழுந்திருக்கையில் தலை சுற்றிச் சாய்ந்தாலும், சிறுநீர் பிரியாமல் வேதனைப்பட்டாலும், இரவில் ஆளறியாமல் பிதற்றினாலும், வீட்டார் அதற்கெல்லாம் காரணமாகச் சொல்வது மயக்க மருந்தைத்தான். முதுகில் ஊசி போட்டதிலிருந்துதான் இப்படி என்று அவர்கள் உறுதியாகவே கூறுகின்றனர். இந்த அபிப்பிராயத்தை ஆதாரமற்றதென்று அடியோடு தள்ளிவிடுவதற்கில்லை. இருதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், குடலின் அசைவு, மூத்திரப்பையின் சுருக்கம், வியர்வை ஆகியவற்றை நம்முடைய சங்கற்பமின்றியே நடத்திவரும் தன்னியக்க நரம்பு மண்டலத்தின்மீது, மயக்க மருந்து ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு வகையில் ஆதிக்கம் செலுத்தவே செய்கிறது. ஆயினும் மருந்தின் வேகம் சில மணி நேரத்தில் தணிந்துவிட, தொல்லைகளோ மறுநாளும் அதற்கடுத்த நாளும் தோன்றக் காண்கையில், பழி முழுவதையும் மருந்தின்மேல் சுமத்துவது நியாயமாகுமா என்ற ஐயம் எழுகிறது. வயோதிகம், மயக்க மருந்து, கத்தி ஆகிய மூன்றில் எதன் பங்கு எவ்வளவு என்பதும், அதனை முன்கூட்டியே அறிந்துகொள்ள வழியுண்டா என்பதுமே இக்கட்டுரை ஆராய விரும்பும் பொருள்.

இவ்வினா சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகருக்குப் புறம்பானதன்று. 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் கொடையால் எழுந்த பல்கலைக்கழகத்தின் வளாகத்தில் 1985இல் தோன்றிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழகத்தின் நிர்வாகத்தை 2013இல் அரசு மேற்கொண்ட பின்னர், 2021இல் சுகாதாரத் துறையின்கீழ் வந்து, இன்று கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த மூதாட்டியும், புராஸ்டேட் வீக்கத்தால் அல்லலுறும் முதியவரும், சர்க்கரை நோயால் பாதம் புண்பட்டுப்போன விவசாயியும் நாடிவருவது இத்தகைய மருத்துவமனையைத்தான். தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் நூற்றுக்குப் பத்துப் பேராக இருந்தனர். 2021க்கான மதிப்பீட்டில் இது 13.6 விழுக்காடாக உயர்ந்தது. இந்தியாவின் பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்தபடியாக முதுமை எய்திவரும் மாநிலம் நம்முடையது. ஆகவே ரண சிகிச்சைக்கூடத்து மேஜையில் கிடத்தப்படும் சரீரம் வரவர முதிய சரீரமாகவே இருக்கப்போகிறது.

2. மூப்பு செய்துவைப்பது

தன்னியக்க நரம்புகளில் இரு பிரிவுகள் உண்டு. முதுகுத்தண்டின் மார்புப் பகுதியிலிருந்தும் இடுப்பின் மேற்பகுதியிலிருந்தும் புறப்படும் பரிவு நரம்புகள் இருதயத்தை விரைவுபடுத்தி ரத்தக் குழாய்களைச் சுருக்குகின்றன. மூளையின் தண்டிலிருந்தும் முதுகுத்தண்டின் கடைக்கோடியிலிருந்தும் வரும் எதிர்ப்பரிவு நரம்புகள், அவற்றுள் முதன்மையான வேகஸ் நரம்பின் வழியாக, இருதயத்தை நிதானப்படுத்துகின்றன. ஆனித் திருமஞ்சனத்தின்போது சிதம்பரத்து வீதிகளில் தேரோட்டம் கண்டவர்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் விளங்கும்: வடம் பிடித்து இழுப்போர் ஒருபுறமும், சக்கரத்தினடியில் முட்டுக்கட்டை கொடுத்து ஓட்டத்தை அடக்குவோர் மற்றொருபுறமும் ஒருசேரத் தொழிற்பட்டால்தான் தேர் வீதி நடுவே செல்லும்.

இளைஞன் ஓய்ந்திருக்கையில் அவனுடைய இருதயத்தை ஆள்வது பெரும்பாலும் இந்த முட்டுக்கட்டையே. நரம்புகள் இரண்டையும் மருந்தால் செயலிழக்கச் செய்து, இருதயம் தன்னிச்சையாக எத்தனை முறை துடிக்கிறதென்று அளந்த ஜோஸ், காலிஸன் என்னும் இருவர் 1970இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டனர்: 118.1 என்ற எண்ணிலிருந்து வயதின் 0.57 மடங்கைக் கழிக்க வேண்டும். 20 வயதில் அது ஏறத்தாழ 107. 70 வயதில் 78. இருபது வயதினனின் இருதயம் ஓய்வில் 70 முறை துடிக்கிறதென்றால், வேகஸ் நரம்பு முப்பத்தேழு துடிப்புகளைப் பிடித்து நிறுத்திவைத்திருக்கிறதென்று பொருள். எழுபது வயதினரிடத்தில் அப்பிடி மிகச் சொற்பம். ஆகையால் அட்ரோபின் கொடுத்து வேகஸை விலக்கினாலும் அவர்களுடைய துடிப்பு இளைஞர்களுக்கு உயர்வதுபோல் உயர்வதில்லை. நாடி எழுபதென்று இருவருக்கும் ஒன்றாகவே எண்ணப்படினும், அந்த எழுபதின் பின்னே நிற்கும் இருப்பு வேறு வேறு.

பரிவு நரம்பின் கதை இதற்கு நேர்மாறானது. வயதாக ஆக ரத்தத்தில் நார்அட்ரினலின் அளவு குறைவதற்குப் பதிலாகக் கூடுகிறது; எனினும் அதனை ஏற்றுச் செயல்படும் பீட்டா ஏற்பிகள் மந்தமாகின்றன. கூக்குரல் ஓங்குகிறது, செவி அடைக்கிறது எனலாம். இவ்விரண்டுக்கும் மேலாக, கழுத்துத் தமனி பிரியுமிடத்திலும் பெருந்தமனியின் வளைவிலும் இருந்து அழுத்தத்தை நொடிக்கு நொடி உணர்ந்து மூளைக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள், அவை பதிந்திருக்கும் தமனிச் சுவர் விறைத்துப்போவதால், நுண்மை இழக்கின்றன. இருதயத்தின் மேலறைச் சுவர்களிலிருந்து வேகஸ் வழியாகச் செல்லும் இத்தகைய அறிவிப்புகளைத் தனித்தனி நரம்பிழைகளில் பதிவுசெய்து 1953இல் உலகறியச் செய்தவர் நம் நாட்டவரான ஔதார் சிங் பெயின்டல் என்பதை இங்கே நன்றியுடன் குறிப்பிட வேண்டும். படுக்கையினின்று எழுந்தவுடன் கால்களில் தங்கும் அரை லிட்டருக்கு மேற்பட்ட ரத்தத்துக்கு ஈடுசெய்ய, இளமையில் சில நொடிகள் போதும். முதுமையில் அதற்குள் கண் இருண்டுவிடுகிறது.

மூப்போடு சர்க்கரை நோயும் சேர்ந்தால் நிலைமை பின்னும் மோசமாகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளிவந்த தேசிய ஆய்வு, தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் 14.4 விழுக்காட்டினருக்கும், கடலூருக்கு அண்டையிலுள்ள புதுச்சேரியில் 26.3 விழுக்காட்டினருக்கும் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. பல்லாண்டு நீடித்த சர்க்கரை நோய் பாதத்தின் உணர்ச்சியை எவ்வாறு அழிக்கிறதோ அவ்வாறே, ஆரவாரமின்றி, வேகஸையும் பரிவு நரம்பையும் அரிக்கிறது. 1989இல் அமெரிக்காவில் பர்கோஸ், எபர்ட் முதலியோர் கண் ரண சிகிச்சைக்கு வந்த சிறு குழுவினரிடம் செய்த பரிசோதனையில், ரத்த அழுத்தத்தை மருந்தால் தூக்கி நிறுத்த வேண்டிய அவசியம் சர்க்கரை நோயாளரில் 35 விழுக்காட்டினருக்கும், மற்றையோரில் 5 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தது. அவ்வுதவி வேண்டியிருந்தவர்களிடம் தன்னியக்க நரம்பின் பழுது மிகுந்திருந்ததையும் அவர்கள் கண்டனர். எண்ணிக்கையில் சிறிய ஆய்வேயாயினும், அதன் உட்பொருளைப் பின்வந்தோர் மறுக்கவில்லை.

3. ஹைதராபாத்தில் நடந்த விவாதம்

மயக்க மருந்தையும் தன்னியக்க நரம்பையும் பற்றிய முதற் பெருவிவாதம் நிகழ்ந்த இடங்களுள் ஒன்று தக்காணம். 1847 நவம்பரில் எடின்பரோவில் ஜேம்ஸ் யங் சிம்ப்சன் குளோரோபாரத்தைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். மூன்று மாதம் முடியுமுன், 1848 ஜனவரியில், இங்கிலாந்தில் நியூகாசில் அருகே ஹன்னா கிரீனர் என்னும் 15 வயதுப் பெண், கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காக அதனை முகர்ந்த சில நிமிஷங்களில் மாண்டாள். சுவாசம் நின்றதால் இறந்தாளா, இருதயம் நின்றதால் இறந்தாளா என்று அன்று தொடங்கிய தர்க்கம் அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது. ஹைதராபாத்தில் ரெசிடென்சி வைத்தியராக இருந்த எட்வர்ட் லாரி, சுவாசத்தைக் கவனித்தால் போதும், இருதயத்துக்கு அபாயமில்லை என்னும் கொள்கையினர். நிஜாமின் பொருளுதவியோடு 1888இலும், லண்டனிலிருந்து லாடர் பிரண்டன் என்னும் மருத்துவர் வரவழைக்கப்பட்ட பின் 1889இலும், நூற்றுக்கணக்கான விலங்குகளிடம் நடந்த பரிசோதனைகளின் முடிவில் இரண்டு கமிஷன்களும் அக்கொள்கையையே ஆதரித்தன.

ஆயினும் உலகம் அத்தீர்ப்போடு அடங்கவில்லை. 1902இல் மெல்போர்னில் எம்ப்ளி என்பவர், குளோரோபாரம் வேகஸ் நரம்பை மிதமிஞ்சித் தூண்டி இருதயத்தை நிறுத்தக்கூடுமென்று காட்டினார். 1911இல் லண்டனில் குட்மன் லெவி, ஆழ்ந்த மயக்கத்தைக் காட்டிலும் அரைகுறை மயக்கத்திலேயே ஆபத்து அதிகமென்றும், அந்நிலையில் அட்ரினலின் ரத்தத்தில் பாய்ந்தால் இருதயத்தின் கீழறைகள் ஒழுங்கிழந்து துடித்து உயிர் போகுமென்றும் பூனைகளிடம் நிரூபித்தார். அச்சத்தால் நடுங்கிக்கொண்டே முகமூடிக்குள் மூச்சிழுத்த அந்த 15 வயதுப் பெண்ணின் சரீரத்தில் அட்ரினலின் எவ்வளவு பெருகியிருக்கும் என்று எண்ணிப்பார்த்தால் லெவியின் கண்டுபிடிப்பின் ஆழம் புலனாகும். ஹைதராபாத் கமிஷன்கள் தம் பணியில் சிரத்தைக் குறைவு காட்டியவை அல்ல. கொடுக்கப்பட்ட மருந்தை அவை மிக நுணுக்கமாக அளந்தன. அம்மருந்தை ஏற்கும் நேரத்தில் சரீரத்தின் நரம்புகள் எந்நிலையில் இருந்தன என்ற கேள்வியை அவை எழுப்பவில்லை. இந்த இடைவெளி இன்றும் முற்றாக மூடப்படவில்லை என்பதே என் கருத்து.

4. இன்றைய மருந்துகளின் பங்கு

குளோரோபாரம் மறைந்துவிட்டது. இன்று முதியவர்களின் இடுப்புக்குக் கீழே நடைபெறும் சிகிச்சைகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது, 1898இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் தொடங்கிவைத்த தண்டுவட ஊசி. அது வலியுணர்ச்சியை மறைக்கும் மட்டத்துக்கு மேலும் இரண்டொரு கணு உயரம் வரை பரிவு நரம்புகளைச் செயலிழக்கச் செய்கிறது. மூளையிலிருந்து நேரே வரும் வேகஸோ தீண்டப்படாமல் நிற்கிறது. வடம் அறுந்து முட்டுக்கட்டை மட்டும் எஞ்சிய நிலை இது. 1992இல் கார்ப்பென்டர் முதலியோர் 952 பேரிடம் கண்ட கணக்கின்படி, தண்டுவட ஊசிக்குப் பின் 33 விழுக்காட்டினருக்கு ரத்த அழுத்தம் தாழ்ந்தது. 13 விழுக்காட்டினருக்கு இருதயத் துடிப்பு மந்தமாயிற்று. வயது கூடியவர்களுக்கும், மருந்து மார்பின் மேல்மட்டம் வரை ஏறியவர்களுக்கும் அழுத்தம் தாழும் வாய்ப்பு மிகுதி. இதற்கு மாறாக, தண்டுவட ஊசியின்போது எதிர்பாராமல் இருதயம் நின்றுபோன 14 பேரைப் பற்றி 1988இல் கேப்லன் முதலியோர் வெளியிட்ட ஆய்வில் இடம்பெற்றவர்கள் ஆரோக்கியமானவர்கள். வேகஸின் பிடி வலுத்திருக்கும் பருவத்தில் இருதயம் தயங்குகிறது. பிடி தளர்ந்த பருவத்தில் அழுத்தம் சரிகிறது. ஒரே ஊசி இரு பருவங்களில் இருவகை இடர் தருவது, சரீரத்தின் முன்நிலை எவ்வளவு முக்கியமென்பதற்குப் போதிய சாட்சி.

முழு மயக்கத்துக்குத் தரப்படும் புரொபோபால் பரிவு நரம்பின் ஓட்டத்தை நேரடியாகவே அடக்குகிறது. காலின் நரம்பில் மயிரிழை போன்ற ஊசியைச் செருகி அவ்வோட்டத்தைக் கேட்கும் முறை ஸ்வீடனில் உருவான பின்னர், இது அனுமானமாக இராமல் கண்கூடான விஷயமாயிற்று. ஐஸோபுளூரேன், செவோபுளூரேன் போன்ற ஆவி மருந்துகள் அழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலை மழுங்கச் செய்கின்றன. நாற்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஆறு விழுக்காடு வீதம் ஆவி மருந்தின் தேவை குறைவதால், இளைஞருக்குரிய அளவை முதியவருக்குக் கொடுப்பது மிகையாகிவிடும். மூச்சுக்குழாயில் குழல் செருகும் கணத்தில் அழுத்தம் குபீரென ஏறுவதும், அதன்பின் கத்தி படுவதற்கு முன்னுள்ள அமைதியான நிமிஷங்களில் தாழ்ந்துவிடுவதும் மயக்கவியல் வல்லுநர்கள் நாள்தோறும் காணும் காட்சி. முதியவரைப் பொறுத்தவரை அந்த அமைதியான நிமிஷங்களே விழிப்போடு காக்கப்பட வேண்டியவை.

மேற்கண்டவை யாவும் உண்மை. இவற்றின் ஆயுள் சில மணி நேரம் என்பதும் அவ்வளவே உண்மை.

5. கத்தியின் பங்கு

தோலை அறுப்பதும் எலும்பைத் துளைப்பதும் குடலைக் கையாள்வதும் சரீரத்துக்குப் பெருங்காயமே; உணர்வில்லாத மனிதன் அதனை அறியாவிட்டாலும் அவனுடைய நரம்புகள் அறிகின்றன. மயக்கம் தெளியும் வேளையிலும் அதனையடுத்த ஓரிரு நாட்களிலும், வலி, குளிர் நடுக்கம், ரத்த இழப்பு, அழற்சி, உறக்கமின்மை ஆகியவை ஒன்றுகூடி அட்ரினலினையும் அதன் உறவுப் பொருள்களையும் பெருகச் செய்கின்றன. மயக்கம் முற்றிலும் நீங்கிய பின்னரும் இருதயத் துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் பல நாள் ஒடுங்கியே கிடப்பதை வெவ்வேறு நாடுகளில் நடந்த அளவீடுகள் காட்டியிருக்கின்றன. மார்பில் பெரிய ரண சிகிச்சை செய்துகொண்ட முதியோருக்கு மேலறைத் துடிப்புச் சீர்கேடு தோன்றுவது சிகிச்சை மேஜையில் அன்று, பெரும்பாலும் இரண்டாம் மூன்றாம் நாளில். ரண சிகிச்சையை ஒட்டிய மாரடைப்புகளில் பெரும்பாலானவையும் முதல் 48 மணி நேரத்துக்குள் நேர்கின்றன. வலிநீக்கிகளின் திரைக்குள் மறைந்துகிடப்பதால் நெஞ்சுவலி என்ற முறையீடுகூட எழுவதில்லை.

எழுந்து நிற்க இயலாமை இவற்றுள் மிகச் சாதாரணமானதும் மிக அலட்சியப்படுத்தப்படுவதுமான தொல்லை. டென்மார்க்கில் ஹென்ரிக் கெலெட்டைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சை பெற்றவர்களை ஆறு மணி நேரத்துக்குப் பின் எழுப்பி நிறுத்திப் பார்த்தபோது, ஐவரில் இருவர் தலை சுற்றலாலோ குமட்டலாலோ மயங்கும் நிலையாலோ தொடர்ந்து நிற்க முடியாதவராயினர். மறுநாளும் ஐவரில் ஒருவருக்கு அந்நிலை நீங்கவில்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கும் மிடோட்ரின் மாத்திரையை முன்னதாகவே கொடுத்தும் பயன் விளையவில்லை. குழாய் தளர்ந்தது மட்டுமே காரணமாயின் மருந்து பலித்திருக்கும். பலிக்காததால், நரம்பின் நிர்வாகமே குலைந்திருக்கிறதென்று கொள்ளுதல் பொருந்தும்.

வயிற்றறுவைக்குப் பின் குடல் ஓசையின்றி உறங்குவதும், குடலிறக்கத்துக்குத் தண்டுவட ஊசியில் சிகிச்சை பெற்ற முதியவருக்கு மாலை வரை சிறுநீர் பிரியாததும் இதே நிர்வாகக் குலைவின் வேறு முகங்கள். பின்னதில் ஊசியின் பங்கும், ஏற்கெனவே வீங்கியிருந்த புராஸ்டேட்டின் பங்கும், வலியால் விழித்தெழுந்த பரிவு நரம்பின் பங்கும் பின்னிக்கிடக்கின்றன. அவற்றைப் பிரித்து இன்னதுதான் என்று சொல்லுபவர் தமக்குத் தெரிந்ததைக் காட்டிலும் மிகுதியாகச் சொல்லுகிறார்.

இங்குதான் ஒரு முக்கியமான சோதனையின் சாட்சியம் உதவுகிறது. இடுப்பெலும்பு முறிந்த 1,600 முதியவர்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு கூறாக்கி, ஒரு சாராருக்குத் தண்டுவட ஊசியும் மறு சாராருக்கு முழு மயக்கமும் தந்து, வட அமெரிக்காவில் நடத்திய ஆய்வு 2021இல் வெளியாயிற்று. அறுபதாம் நாளில் இறந்தோரும் பிறர் துணையின்றி நடக்க இயலாதோரும் சேர்ந்து ஒரு சாராரில் 18.5 விழுக்காடு, மறு சாராரில் 18.0 விழுக்காடு. சித்தக் கலக்கத்திலும் வேற்றுமை காணவில்லை. 950 பேரைக் கொண்டு சீனத்தில் நடந்து 2022இல் வெளிவந்த ஆய்வும் அதனையே சொன்னது. தன்னியக்க நரம்புகளை இரு வேறு வழிகளில் தாக்கும் இருவகை மயக்கங்களும் ஒரே முடிவில் கொண்டுவிடுகின்றனவென்றால், முடிவை நிர்ணயிப்பது மயக்கத்தின் வகையினும் மேலான வேறொன்றாகத்தான் இருக்க வேண்டும். முறிவும் அதனைச் சீராக்கும் சிகிச்சையும் ஏற்படுத்தும் காயம் ஒன்று. அக்காயத்தைத் தாங்கத் தன்னியக்க நரம்புகளிடம் எஞ்சியிருக்கும் ஆற்றல், அதாவது நரம்பிருப்பு, மற்றொன்று. வீட்டார் குற்றஞ்சாட்டும் ஊசிக்கு மூன்றாம் இடமே என்று இந்தச் சாட்சியங்களிலிருந்து நான் முடிவு கொள்கிறேன்.

6. அளவைகளும் அவற்றின் நம்பகமும்

நரம்பிருப்பை அளப்பதெப்படி? இருதயம் மணிப்பொறிபோல் துடிப்பதில்லை. மூச்சை உள்ளிழுக்கையில் விரைந்தும் விடுகையில் தணிந்தும் துடிப்பதை 1847இலேயே கார்ல் லுத்விக் பதிவு செய்தார். இத்துடிப்பு மாறுபாட்டைக் கணிக்கும் முறைகளை ஐரோப்பிய, வட அமெரிக்க இருதய அறிஞர் குழுவொன்று 1996இல் வரையறுத்துத் தந்தது. நொடிக்கு 0.15 முதல் 0.4 வரையிலான விரைவான அலைகள் வேகஸைக் காட்டுமென்றும், 0.04 முதல் 0.15 வரையிலான மந்தமான அலைகளோடு அவற்றின் விகிதம் இரு நரம்புகளின் சமநிலையைக் காட்டுமென்றும் பலர் நம்பினர். தண்டுவட ஊசி கண்டுபிடிக்கப்பட்ட அதே கீல் நகரின் மருத்துவர்கள், இவ்விகிதம் உயர்ந்திருப்பவர்களுக்கு அந்த ஊசிக்குப் பின் அழுத்தம் பெரிதும் தாழ்வதை 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் எடுத்துக்காட்டினர்.

எனினும் இவ்விகிதத்தைச் சமநிலையின் துலாக்கோலாகக் கொள்வது பிழையென்று 1997இல் டுவெய்ன் எக்பர்க் எழுதிய கண்டனம் இன்றளவும் தக்க மறுமொழி பெறவில்லை. மந்தமான அலைகளில் வேகஸின் பங்கும் கலந்திருக்கிறது. விரைவான அலைகளோ மூச்சின் வேகத்துக்கேற்ப மாறுகின்றன. மயக்கத்தில் சுவாசத்தைக் கருவி நடத்துகையில் அளந்த எண்ணை, விழித்திருக்கையில் அளந்த எண்ணோடு ஒப்பிடுவது தகாது. மேலறைத் துடிப்பு ஒழுங்கிழந்தவரிடமும், இருதயத்தில் கருவி பொருத்தப்பட்டவரிடமும் இக்கணக்கு பொருளற்றது. பீட்டா தடுப்பு மாத்திரை உண்போரிடமும் முதியோரில் பெரும்பகுதியினரிடமும் ஐயத்துக்குரியது. மூன்று விரல்களால் நாடியின் நடையை உணர்ந்த நம் சித்த வைத்தியர்களின் மரபை இவ்வலைகளோடு பொருத்திக் காட்ட ஆர்வமுடையோர் சிலர் உளர். அவ்வார்வத்தை நான் மதிக்கிறேனாயினும், அதற்குப் போதிய பிரமாணம் இன்னும் கிடைக்கவில்லை.

இவற்றினும் எளியவையும் ஏழை நாட்டுக்கு இசைந்தவையும், எடின்பரோவின் யூயிங், கிளார்க் இருவரும் 1982இல் தொகுத்தளித்த படுக்கையருகுச் சோதனைகள். நிமிஷத்துக்கு ஆறு முறை ஆழ்ந்து மூச்சிழுக்கச் செய்து துடிப்பின் ஏற்ற இறக்கத்தை ஈ.சி.ஜி.யில் காண்பது ஒன்று. படுத்திருந்தவரை எழுப்பி நிறுத்தி ரத்த அழுத்தம் எவ்வளவு இறங்குகிறதென்று காண்பது மற்றொன்று. மூன்று நிமிஷத்துக்குள் மேல் அழுத்தம் 20 மில்லிமீட்டரோ கீழ் அழுத்தம் 10 மில்லிமீட்டரோ தாழ்ந்தால் நரம்பின் ஈடுசெய்யும் ஆற்றல் குறைந்திருக்கிறதென்று இன்று ஒப்புக்கொள்ளப்படுகிறது. நீர் வறட்சியாலும் இது நேரலாமாகையால், அதனையும் விலக்கிப் பார்க்க வேண்டும்.

7. மருந்தால் திருத்த முயன்றதன் விளைவு

பரிவு நரம்பின் கொந்தளிப்பே கேடு விளைவிக்கிறதென்றால் அதனைப் பீட்டா தடுப்பு மருந்தால் அடக்கிவிடலாமே என்ற யோசனை, கேட்பதற்கு எவ்வளவு நியாயமாகத் தோன்றுகிறதோ அவ்வளவு ஆபத்தாக முடிந்தது. இந்தியா உட்பட 23 நாடுகளில் 8,351 பேரிடம் மெடோபிரோலால் மருந்தைச் சோதித்து 2008இல் வெளியான ஆய்வில், மாரடைப்பு 5.7 விழுக்காட்டிலிருந்து 4.2 ஆகக் குறைந்தது. ஆனால் மரணம் 2.3 விழுக்காட்டிலிருந்து 3.1 ஆக உயர்ந்தது, பக்கவாதம் இரட்டித்தது. பரிவு நரம்பை அடக்கும் மற்றொரு மருந்தான குளோனிடினைக் கொண்டு 10,010 பேரிடம் நடந்த 2014ஆம் ஆண்டின் சோதனையும் நன்மை காணவில்லை. அழுத்தத் தாழ்வையே பெருக்கிற்று. முதிய சரீரத்தில் பரிவு நரம்பின் ஆரவாரம் வெறும் நோய்க்குறியன்று. ரத்தம் இழந்து, நீர் வறண்டு, குழாய் தளர்ந்த நிலையில் மூளைக்கு ரத்தத்தை அனுப்ப எஞ்சியிருக்கும் கடைசி உபாயமும் அதுவே. அதனைப் பறிப்பது எவ்வளவு கொடிய செயலென்று இவ்விரு ஆய்வுகளும் உணர்த்தின. ஏற்கெனவே இம்மருந்துகளை உட்கொண்டு வருபவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்தேயாகையால், இம்முடிவைக் கேட்டுத் தாமாக மாத்திரையை விட்டுவிடலாகாது.

அழுத்தத்தை அவரவர் இயல்பான அளவையொட்டிக் காப்பது உதவுமா என்பதில் சாட்சியங்கள் முரண்படுகின்றன. பிரான்சில் 298 பேரிடம் நடந்து 2017இல் வெளிவந்த ஆய்வில், அவ்வாறு காக்கப்பட்டவர்களில் உறுப்புக் கேடு 38.1 விழுக்காடாகவும் வழக்கமான முறையில் 51.7 விழுக்காடாகவும் இருந்தது. ஏழாயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் பின்னர் நடந்த பெரிய சோதனையில் அழுத்தத் தாழ்வைத் தவிர்க்கும் முறைக்கு அத்தகைய மேன்மை தென்படவில்லை. நரம்பிருப்பு குன்றியவர், குன்றாதவர் என்று பிரிக்காமல் எல்லோரையும் ஒரே கூட்டமாக எண்ணியதனால் பயன் கரைந்துபோயிருக்கலாமென்பது என் ஊகம். ஊகத்துக்கு மேல் அதற்கு மதிப்பில்லை.

8. நம்மூரில் செய்யத்தக்கது

ரண சிகிச்சைக்கு முன் மயக்க மருந்து வைத்தியரிடம் 'ஃபிட்னஸ்' வாங்குவதென்று ஊரார் சொல்லும் பரிசோதனையில், ரத்தம், சிறுநீர், மார்புப் படம், ஈ.சி.ஜி. ஆகியன பார்க்கப்படுகின்றன, சில இடங்களில் எக்கோவும் கேட்கப்படுகிறது. ரத்த அழுத்தம் பெரும்பாலும் உட்கார்ந்த நிலையில் ஒரே முறை குறிக்கப்படுகிறது. படுத்தபோது ஒன்று, எழுந்து நின்றபின் ஒன்று என இரு முறை குறிப்பதற்கு வேண்டியது ஐந்து நிமிஷமும் ஒரு கருவியுமே. எலும்பு முறிந்து நிற்க இயலாதவருக்கு ஆழ்மூச்சுச் சோதனை உண்டு, ஈ.சி.ஜி. எடுக்கும் அதே வேளையில் அதுவும் முடிந்துவிடும். எழுந்தவுடன் தலை சுற்றுகிறதா, சாப்பிட்டவுடன் மயக்கம் வருகிறதா, வியர்வை குறைந்துவிட்டதா என்ற மூன்று கேள்விகளுக்குச் செலவே இல்லை.

மாத்திரைகளின் பட்டியலும் அவ்வளவு அவசியம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் உரிய மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன. புராஸ்டேட்டுக்கென எழுதித் தரப்படும் டாம்சுலோசின், உறக்கத்துக்கோ நரம்பு வலிக்கோ தரப்படும் அமிட்ரிப்டிலின் ஆகியவை வேறோரிடத்தில் வாங்கப்படுகின்றன. இவை நான்கும் ஒரே சரீரத்தில் கூடுகையில் எழுந்து நிற்கும் ஆற்றல் என்னாகுமென்பதை, நான்கையும் ஒருசேரப் பார்ப்பவர் ஒருவர் இருந்தாலன்றி அறிய இயலாது. நோயாளி தம்முடைய மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவருவது இதற்குப் போதும்.

பட்டினி பற்றியும் ஒரு சொல். முதல்நாள் இரவிலிருந்தே பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படலாகாது என்ற பழைய கட்டளை இன்னமும் பல வீடுகளில் வேதவாக்காகப் போற்றப்படுகிறது. தெளிந்த நீரை மயக்கத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு வரை பருகலாமென்று அமெரிக்க மயக்கவியல் சங்கம் 1999இலேயே விதி வகுத்துவிட்டது. சர்க்கரை நோயால் இரைப்பையின் நரம்பு மந்தமானவர்களுக்கு மட்டும் வைத்தியரின் தனி உத்தரவு வேண்டும். சித்திரை வைகாசி வெயிலில், மாலை வரை முறைக்குக் காத்திருந்து, நாவறண்டு, ரத்தத்தின் கனபரிமாணமே சுருங்கிய நிலையில் தண்டுவட ஊசி பெறும் எழுபது வயது சரீரத்துக்கு அழுத்தம் சரியாமலிருந்தால்தான் வியப்பு.

நம் மாநிலத்துக்கு முதியோர் மருத்துவத்தில் முன்னோடி மரபு ஒன்று உண்டு: சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இல் வி. எஸ். நடராஜன் தொடங்கிய முதியோர் வெளிநோயாளர் பிரிவு இந்தியாவிலேயே முதலாவது. 1996இல் அங்கேயே முதியோர் மருத்துவத்தில் பட்டமேற்படிப்பும் தோன்றியது. 2024இல் கிண்டியில் தேசிய முதியோர் நல மையம் திறக்கப்பட்டது. அந்த மரபு ரண சிகிச்சைக்கூடத்தின் வாயில் வரை வந்து சேர வேண்டும். மேலே நான் எடுத்துக்காட்டிய எண்கள் பெரும்பாலும் டென்மார்க்கிலும் சீனத்திலும் அமெரிக்காவிலும் எடுக்கப்பட்டவை. வெயிலில் உழைத்து, அரிசியுண்டு, பல்லாண்டு சர்க்கரை நோயோடு வாழும் கடலூர் மாவட்டத்து முதியவருக்கு அவை எவ்வளவு பொருந்துமென்பதை இங்கேயே அளந்தால்தான் அறியலாம். அண்ணாமலை நகர் மருத்துவக் கல்லூரியின் மயக்கவியல் துறையும் உடலியங்கியல் துறையும் கைகோத்து, 60 வயதைக் கடந்து ரண சிகிச்சைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் படுத்த நிலையிலும் நின்ற நிலையிலும் ரத்த அழுத்தத்தைச் சிகிச்சைக்கு முன்னும், முதல்நாளும், மூன்றாம் நாளும் குறித்துவைக்க முற்பட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டாரிடம் கேட்டுக்கொள்வது இது: சிகிச்சைக்குப் பின் உங்கள் பெரியவர் முதல் முறையாகக் கட்டிலை விட்டு இறங்கும்போது, கால்களைத் தொங்கவிட்டுச் சில நிமிஷம் உட்கார வையுங்கள்; செவிலியரை அழைத்து அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள்; அவர் நின்று நிதானிக்கும் வரை அவருடைய கையை விடாதீர்கள்.